இன்னொரு சாவி



கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போல வரலாறுதான். ஆனால் இந்தத் தடவை எங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் கே.கே. நகரில் நல்ல மழை. காலையில் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது பார்க்கிறேன், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சுவரெல்லாம் ஈரம். மழைத் தண்ணீர் இல்லை. மேல் போர்ஷன் குளியலறையில் இருந்து இறங்குகிறது. மேலே குடியிருக்கிற பெண்ணும் அவள் கணவரும் இரண்டு நாள் முன்பே நாகர்கோவில் போய்விட்டார்கள். போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலு தடவை போட்டேன். அதற்குள் இவர் மெயினை அணைத்துவிட்டு, பீரோவில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு, பிளம்பரையும் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். முக்கால் மணி நேர வேலை. சுவருக்குள் போகிற குழாயில் ஒரு எல்போ விட்டுப்போயிருந்தது. மாற்றியாயிற்று. தரையைக்கூட நான்தான் துடைத்துவிட்டு வந்தேன்.

ஊரில் இருந்து வந்ததும் சொன்னேன். "பரவாயில்லை ஆன்ட்டி" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

இதை என் தம்பியிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான். "உன் வீடு, உன் சாவி, உன் பைப்பு. ரிப்பேர் பண்ணிக் கொடுத்ததுக்குக் கோபமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். வாடகை என்று இன்று சொல்வதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் குடக்கூலி என்பார்கள். குடிக்கூலி என்பதுதான் அப்படித் திரிந்தது. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. மாதம் பிறந்தால் "குடக்கூலி கொடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கூலி கொடுத்தால் என்ன கிடைக்கிறது? சுவரா, கூரையா, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையா? பார்க்கப் போனால் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நூற்றைம்பது வருஷச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகள் அகலம் கம்மி, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ரயில் மாதிரி போகும். அந்த நீளத்தைத் துண்டு போட்டு மூன்று நாலு குடித்தனம் வைப்பார்கள். வீட்டுக்காரரும் அதிலேயே ஒரு துண்டில் இருப்பார். ஒரே வாசல், ஒரே கிணறு. அங்கே வீட்டுக்காரர் "உள்ளே வருவது" என்ற பேச்சே கிடையாது, அவர் எப்போதும் உள்ளேதான் இருந்தார். பகலில் கதவைச் சாத்தினால்தான் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பூட்டு என்பது ஊருக்குப் போகும்போது போடுவது. சாவியை எதிர் போர்ஷன் மாமியிடம் கொடுத்துவிட்டுப் போவோம், செடிக்குத் தண்ணீர் விட. நானும் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதிரி வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்த உறவை எழுத்தில் கொண்டுவந்தது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். அதில் 108-ஆவது பிரிவு வீட்டைக் கொடுப்பவர், எடுப்பவர் இருவரின் உரிமை, கடமை இரண்டையும் வரிசையாகச் சொல்கிறது. வாடகையை ஒழுங்காகக் கட்டி, ஒப்புக்கொண்டபடி நடக்கிறவர் இடையூறு இல்லாமல் குடியிருக்கலாம் என்று ஒரு உட்பிரிவு. நியாயமான நேரங்களில் வீட்டுக்காரரோ அவர் ஆளோ உள்ளே வந்து வீட்டின் நிலையைப் பார்க்க விட வேண்டும் என்று இன்னொரு உட்பிரிவு. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே வந்து பார்க்கலாம். குறை இருந்தால் அறிவிப்புக் கொடுக்கலாம், அல்லது அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். குடியிருப்பவரால் வந்த குறை என்றால் மூன்று மாதத்துக்குள் அவர் சரிசெய்து தர வேண்டும். அவ்வளவுதான். கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் இடிக்கலாம் என்று அந்த வரியில் இல்லை. இதெல்லாம் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத பட்சத்தில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நியாயமான நேரம்" என்று எழுதியவர்கள் மணி எழுதவில்லை. ஆள் இல்லாதபோது வரலாமா, கூடாதா என்றும் எழுதவில்லை. அன்றைக்கு வீட்டில் யாருமே இல்லாத வீடு அபூர்வம். பாட்டியாவது இருப்பாள்.

பூட்டிய வீடுகள் ஊர் ஊராகப் பெருகியது உலகப் போரில். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. அந்த மாதத்தில் சென்னையே காலியானது. உள்ளூர்களுக்குச் சனம் குவிந்தது. எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில்கூடச் சென்னைக் குடும்பம் ஒன்று தங்கியிருந்ததாக அம்மா சொல்வாள். ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகள், இன்னொரு பக்கம் இடமே கிடைக்காத ஊர்கள். போர்க்காலத்தில் வாடகை எகிறாமல் இருக்க அரசு 1941-லேயே கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. போர் முடிந்தும் வீட்டுத் தட்டுப்பாடு முடியவில்லை. அதனால் 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் ஒரு சட்டம், கடைசியில் 1960-ல் நம் எல்லாருக்கும் தெரிந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது சென்னை, மதுரையோடு எல்லா நகராட்சிகளுக்கும் பொருந்தியது. அப்போது திருச்சி ஒரு நகராட்சி, ஸ்ரீரங்கம் தனி நகராட்சி. இரண்டும் ஒரே மாநகராட்சி ஆனது 1994-ல்தான்.

இந்த 1960 சட்டம் எவ்வளவு இறுக்கம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீடு காலியானால் வீட்டுக்காரர் ஏழு நாளுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அரசுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும். குடியிருப்பவரைக் கிளப்ப வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி மாவட்ட முன்சீப் முன்னால் நிரூபிக்க வேண்டும். பழுது பார்ப்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுது என்றால், காலி செய்யச் சொல்லி, வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரருக்குத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் காலி செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் "ரிப்பேர்" என்ற சொல் காதில் விழுந்தாலே குடியிருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "கதவைத் திற, கொத்தனார் பார்க்கணும்" என்றால் "எதுக்கு?" என்று கேட்ட காலம் அது. வீட்டுக்காரர்களும் சும்மா இல்லை. வாடகை ஏறவில்லை, நான் ஏன் சுண்ணாம்பு அடிக்கணும் என்று இருந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டுக் கூரையில் அரசங்கன்று முளைத்தது இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை என்றால் குடியிருப்பவர் முன்சீப்பிடம் மனுப் போட்டு, அனுமதி வாங்கி, தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருஷத்தில் கழிப்பது அந்த வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போடுங்கள் பிள்ளைகளே. பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் ஒரு மாத வாடகை.

இதை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கணக்கை 1989-ல் நானே போட்டுப் பார்த்தேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலை கிடைத்து, லால்குடி பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில் இருந்தேன். இவருக்குப் பொன்மலை ஒர்க்ஷாப். இருவருக்கும் தோதாக ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு பின் போர்ஷன். வாடகை 225 ரூபாய். மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நெருக்கிக் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். அதன் மேல் தட்டோடு. நன்றாகப் போட்ட தளம் நூறு வருஷம் நிற்கும். எங்கள் தளம் நூறைத் தாண்டியிருக்கும் போல, ஐப்பசி வந்தால் கூடத்தில் ஏழு பாத்திரம் வைப்போம். இரண்டு வருஷமாக வீட்டுக்கார மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பார்க்கலாம்மா" என்பார். முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தோம். 225 ரூபாயில் கொத்தனார், சித்தாள் கூலி எத்தனை நாள் வரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் ஆவணியில் என் அம்மா புதுக்கோட்டையில் இறந்துபோனாள். காரியம் முடிகிறவரை பதினாறு நாள் அங்கேயே இருந்தோம். திரும்பி வந்தால், வாசலில் சுண்ணாம்பு மூட்டை. எங்கள் பூட்டு அவிழ்ந்து ஆணியில் தொங்குகிறது. உள்ளே எங்கள் சாமான்கள் எல்லாம் கூடத்து நடுவில் குவியலாக, மேலே எங்கள் ஜமுக்காளம் போர்த்தி. சமையல்கட்டில் யாரோ காபி போட்டுக் குடித்த டம்ளர். மாமா வந்து சிரித்துக்கொண்டே நின்றார். "நீங்க இல்லாத நேரமா பார்த்து முடிச்சுட்டேம்மா, இனி ஒரு சொட்டு ஒழுகாது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அங்கே இருந்த ஐந்து வருஷமும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆனால் பரணில் ஒரு துணிப்பை இருந்தது. கல்யாணமாகி வந்ததில் இருந்து அம்மா எனக்கு எழுதின இன்லேண்டு லெட்டர்கள் அதில். தளம் தட்டும்போது சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி, எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாக, அடை மாதிரி ஆகியிருந்தது. பிரித்தால் கிழிகிறது. மை முழுக்கக் கரைந்து நீலமாக ஒரு திட்டு. யார்மேல் குற்றம்? பரணில் வைத்தது நான். தளத்தைச் சரி பண்ணுங்கள் என்று இரண்டு வருஷம் கேட்டதும் நான். அவர் தன் காசைப் போட்டுச் செய்திருக்கிறார். சண்டை போட எனக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. "ரொம்ப நன்றி மாமா" என்றுதான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரைப் பெரிய கடை வீதிக்கு அனுப்பி ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வரச் சொன்னேன். மாங்காய்ப் பூட்டு, நல்ல கனம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் படம் பார்த்து எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டின் இரண்டாவது சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது புரிகிறதா, மாடிக் கதவில் புதுப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று.

சரி, பாடத்துக்கு வருவோம். கதவு யாருடையது என்ற விஷயத்தில் ஆங்கிலேயர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். வீடுதான் மனிதனுக்குக் கோட்டை என்று. அதன் வேர் 1604-ல் லண்டனில் நடந்த செமெய்ன் வழக்கு. கடனுக்காகப் பொருளைக் கைப்பற்ற வந்த ஷெரிஃப், கதவை உடைக்கலாமா என்பது கேள்வி. அரசு ஆணையோடு வந்தாலும் முதலில் வந்த காரியத்தைச் சொல்லி, கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றது தீர்ப்பு. எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று இதில் உண்டு. அந்த வழக்கில் வந்த வீடு சொந்த வீடு இல்லை. பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் இரண்டு பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த வீடு. உலகப் புகழ் பெற்ற அந்தக் கோட்டை, குடக்கூலி வீடு!

பிற்பாடு 1763-ல் வில்லியம் பிட் என்பவர் நாடாளுமன்றத்தில் பேசியதாகச் சொல்வார்கள். ஏழையின் ஓட்டைக் குடிசைக்குள் காற்று வரலாம், மழை வரலாம், இங்கிலாந்து ராஜா வர முடியாது என்ற பொருளில். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் மழை முதலில் வந்தது, ராஜா அதைச் சரி பண்ணப் பின்னால் வந்தார்.

நம் நாட்டுக்கு இந்தக் கோட்டை வந்து சேர்ந்தது கரக் சிங் வழக்கில், 1962 டிசம்பரில். உத்தரப் பிரதேசப் போலீஸ் ராத்திரி நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என். ராஜகோபால அய்யங்கார், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து போனவர். அதிலே அந்த 1604 வழக்கை எடுத்துக்காட்டினார். ஆனால் தனிமை என்பது அடிப்படை உரிமை என்று அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதை ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில். இதெல்லாம் அரசாங்கத்துக்கு எதிரான உரிமைகள், வீட்டுக்கார மாமாவுக்கு எதிரானவை இல்லை என்று வக்கீலுக்குப் படித்த என் மாணவர்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியாருக்கும் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்தை விளக்கும்போது "பிறருக்குச் சொந்தமான இடம்" என்று எழுதவில்லை, "பிறர் சுவாதீனத்தில் இருக்கும் இடம்" என்று எழுதினார்கள். வாடகைக்கு விட்ட வீடு என்னுடைய சொத்து, ஆனால் அவர்கள் சுவாதீனம். குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருந்தால்தான் அது குற்றம் என்பதால் பிளம்பரோடு போன எங்களை ஜெயிலில் போட மாட்டார்கள். கவலைப்பட்டுப் போன் செய்த சம்பந்தியம்மாளுக்காக இதைச் சொல்கிறேன்.

அதே 2017-ல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் 1960 சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம், 42/2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதெல்லாம் பேப்பரில் வந்தது, எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசாத பிரிவு 17-ஆவது. பழுது பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்வையிடவோ, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற வேறு நியாயமான காரணத்துக்கோ வீட்டுக்காரர் உள்ளே போகலாம். ஆனால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும்.

1882-ல் "நியாயமான நேரம்" என்று காற்றில் விட்டது, 137 வருஷம் கழித்து 24 மணி நேரமாக நின்றது. அந்த எண் நாமாகக் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே 24 மணி நேரம், அதே எழுத்து அறிவிப்பு இருக்கிறது. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் 2006 சட்டத்திலும் அதுதான், கூடவே காலை எட்டு மணியில் இருந்து இரவு எட்டு மணிக்குள் என்று கட்டுப்பாடு. ஸ்கார்பரோவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, குழாய் பார்க்க வருகிறோம் என்று அபார்ட்மென்ட் அலுவலகம் கதவுக்குக் கீழே செருகிவிட்டுப் போன தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். மூன்று வரி, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. "இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும் டீச்சர், ஆனா வராம இருந்தா இன்னும் எரிச்சல் வரும்" என்று எழுதியிருந்தாள்.

ஆள் ஊரில் இல்லாதபோது என்ன செய்வது என்பதை நேரடியாகத் தொட்டது அமெரிக்காவில் 1972-ல் எழுதின ஒரு மாதிரிச் சட்டம். பல மாநிலங்கள் அதைத் தழுவி எழுதிக்கொண்டன. அதன்படி சாதாரண நாளில் இரண்டு நாள் முன்னறிவிப்பு. குடியிருப்பவர் ஏழு நாளுக்கு மேல் வெளியூர் போவதானால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அப்படி ஏழு நாளுக்கு மேல் இல்லாத சமயத்தில், தேவையான அளவுக்கு வீட்டுக்காரர் உள்ளே போய்வரலாம். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும் ஊர்களுக்கு இது ஒத்து வரும். நம்மூருக்கு அப்படியே ஒத்து வருமா என்று எனக்குச் சந்தேகம். பதினாறு நாள் துக்கத்துக்குப் போனவளின் வீட்டைத் திறக்க அந்தச் சட்டப்படி என் ஸ்ரீரங்கம் மாமாவுக்கு வழி இருந்திருக்குமே! சொல்லிவிட்டுப் போவது என்ற பாதி மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் சில விஷயம் சேர்த்தது. அறிவிப்பை மின்னணு வழியிலும் அனுப்பலாம். சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் நுழையக் கூடாது. போர், வெள்ளம், தீ, புயல், நிலநடுக்கம் மாதிரி அவசர நிலை என்றால் முன்னறிவிப்புத் தேவையில்லை. இது மாநிலங்கள் பார்த்து எழுதுவதற்கான மாதிரிதான், நம் மாநிலத்துக்கு நம் சட்டம் முன்பே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு 2005 நவம்பர் ஞாபகம் வந்தது. திருச்சிக்குள் வெள்ளம் வந்த வருஷம். என் நாத்தனார் குடும்பம் அப்போது ஊரில் இல்லை. அவர்கள் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பூட்டை உடைத்து, டிவியையும் பிள்ளைகளின் சர்டிபிகேட் பெட்டியையும் பரணில் ஏற்றிவிட்டு வந்தார். நாத்தனார் இன்றுவரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவர் பெயரையும் சொல்வாள். யாரும் அங்கே 24 மணி நேரம் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் எங்கள் ஸ்விட்ச் போர்டு? தம்பி கேட்டதும் அதுதான். ஷாக் அடித்திருந்தால்? நானும் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு நாள் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் பாக்கி கூலி வாங்க வந்த பிளம்பர் பேச்சுவாக்கில் சொன்னார்: "மொட்டை மாடியில டேங்க்ல இருந்து அந்த போர்ஷனுக்கு இறங்குற வால்வை மூடியிருந்தாலே சொட்டு நின்னிருக்கும்மா. அவங்க வந்தப்புறம் நிதானமா பார்த்திருக்கலாம்."

மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு. அந்த வால்வைத் தொட யார் வீட்டுக் கதவையும் திறக்க வேண்டாம். வீடு கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சாவி இருந்த இடம் மட்டும் தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் இருந்து வந்த கையோடு மேலே போய், காலிங் பெல் அடித்துக் காத்திருந்தேன். அந்தப் பெண் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். அம்மாவின் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆன்ட்டி, பைப்பு சரி பண்ணினது எனக்கு ஒண்ணும் இல்ல. துணி காயப்போட்டிருந்தேன், கட்டில் மேல எல்லாம் அப்படியே கிடந்தது. பிளம்பர் அண்ணாவும் அங்கிளும் அதையெல்லாம் தாண்டித்தானே பாத்ரூமுக்குப் போயிருப்பாங்க. அது மட்டும்தான்" என்றாள். நான் அன்றைக்கு அந்த அறையைத் தாண்டித்தான் போனேன். கட்டிலில் என்ன கிடந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு அது தெரியாதே.

அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் இருவரும் சேர்ந்து எழுதினோம். வேலை இருந்தால் முதல் நாளே வாட்ஸ்அப்பில் என்ன வேலை, எத்தனை மணி என்று அனுப்புவது. அவள் பதில் போட்ட பிறகுதான் வருவது. நாலு நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் அவள் சொல்லிவிட்டு, போகும்போது தன் போர்ஷன் வால்வை மூடிவிட்டுப் போவது. அவசரம் என்றால் வீடியோ காலில் அவளோ அவள் கணவரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திறப்பது. போன் எடுக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் அவள் அண்ணன் எண்ணுக்கு. அவரும் எடுக்கவில்லை என்றால் என்ன என்பதற்கு எங்களுக்கு விடை கிடைக்கவில்லை, அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். வக்கீல் மாணவர்கள் யாராவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கிளம்பும்போது அவளே புதுப் பூட்டின் இன்னொரு சாவியை எடுத்து நீட்டினாள். எனக்கு வாங்கக் கை வரவில்லை. பொதுத் தேர்வு வினாத்தாள் கட்டு ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பு எழுதின எல்லாருக்கும் தெரியும், ஹாலில் இரண்டு மாணவர்களிடம் சீல் உடையவில்லை என்று காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பிரிப்போம். ஒரு பழுப்புக் கவர் கொண்டுவரச் சொன்னேன். சாவியை உள்ளே போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே அவள் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து, தேதி. பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். மொட்டை மாடி வால்வுகளில் இவர் நேற்று சிவப்புப் பெயின்டில் "மேல்", "கீழ்" என்று எழுதிவிட்டு வந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.